திருகு திருப்பாத துப்பாக்கி

வெர்லின் ஹார்ட்சாக் கையில் ஒரு பழைய ராணுவத் துப்பாக்கியைக் கொடுத்தால் குழலை எட்டிப் பார்க்க மாட்டார், தோளில் வைத்துக் குறி பார்க்கவும் மாட்டார். நேரே அடிப்பக்கத்தைத் திருப்புவார். கட்டையையும் இரும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கிற இரண்டு திருகுகள் அங்கேதான் இருக்கும். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி வெளியே வரும். திருகின் பள்ளத்தில் விளிம்பு துளி மழுங்கியிருந்தாலும் போச்சு. எவனோ உள்ளே கையை விட்டிருக்கிறான் என்று சொல்லித் திருப்பி நீட்டிவிடுவார். ஆசையாகக் கொண்டுவந்தவன் முகம் தொங்கிப்போகும்.

அமெரிக்காவில், வடக்குப் பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் இந்தத் திருகுப் பைத்தியம் உண்டு. தொழிற்சாலையில் கடைசியாக முறுக்கிய திருகு அப்படியே இருந்தால்தான் அது கைபடாத துப்பாக்கி. சொந்தக்காரனே அதைத் தொடக் கூடாது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும், ஆனால் திருகு கெட்டுவிடும். ஆகவே உள்ளே பார்க்காமலே நம்ப வேண்டும். வெளியாளுக்குச் சிரிப்பு வரும். வெர்லின் முன்னால் சிரித்துப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

இத்தனைக்கும் மனிதர் பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் மெக்கானிக். பகல் முழுக்கத் திருகு கழற்றுவதுதான் பிழைப்பு. சாயங்காலமானால் திருகைத் தொடுவது மகாபாவம்.

அவருக்குப் பரம எதிரி என்றால் புதுப்பித்த துப்பாக்கிகள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பல பட்டறைகளில் ஜெர்மன் துப்பாக்கிகளை மலைமலையாகக் குவித்துப் பிரித்தார்கள். ஒன்றின் கட்டை, இன்னொன்றின் குழல் என்று பொறுக்கிச் சேர்த்து, பழைய எண்களை ராவிவிட்டு எல்லாப் பாகத்திலும் ஒரே எண்ணை அடித்து, மெருகு பூசி அடுக்கினார்கள். பிறகு அவற்றை வாங்கி வைத்திருந்த அந்த நாட்டு ராணுவங்களும் வேண்டாமென்று கழித்துப்போட, அவை கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கின. நன்றாகச் சுடும், விலை மலிவு, வேட்டைக்காரர்களுக்குப் பிடிக்கும். தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடக்கிற துப்பாக்கிச் சந்தையில் ஃப்ளாய்ட் ஸ்டம்ப் என்பவர் இந்தச் சரக்கை மட்டுமே பரப்பி வைத்திருப்பார். வெர்லின் ஒவ்வொரு முறையும் அவர் மேஜை முன்னால் நின்று, "பொணத்துக்குப் பவுடர் பூசி உக்கார வெச்சிருக்கியே ஃப்ளாய்ட்" என்பார். ஃப்ளாய்ட் கோபித்துக்கொள்ள மாட்டார். "பொணமா இருந்தா என்ன, மான் விழுதுல்ல?" என்று காப்பியை உறிஞ்சுவார்.

வெர்லினுக்கு இவ்வளவு வாய் எங்கிருந்து வந்தது என்றால், அவர் வீட்டு நிலவறையில், இரும்பு அலமாரிக்குள் இருந்த ஒரே ஒரு துப்பாக்கியிலிருந்து. அது அவர் அப்பா ஐரா ஹார்ட்சாக் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது.

ஐரா அந்தக் கதையை அலட்டாமல் சொல்லுவாராம். பவேரியாவில் ஒரு ஆற்றங்கரை. சண்டை முடிகிற சமயம். புதருக்குள்ளிருந்து ஒரு ஜெர்மன் சிப்பாய் கைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறான். மீசைகூட முளைக்காத பையன். துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு நடுங்குகிறான். ஐரா தன் பையிலிருந்து சாக்லேட் எடுத்துக் கொடுக்கிறார். பையன் அதைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அழுகிறான். அந்தத் துப்பாக்கிதான் இது. சின்ன வயதில் வெர்லின் அந்தச் சாக்லேட் இடத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பார். பெரியவனான பிறகும் கேட்டார். அப்பாவின் சவ அடக்கத்தன்று சர்ச்சில் எழுந்து நின்று அந்தக் கதையைத்தான் சொன்னார். பாதியில் முடியாமல் போய்ப் பாதிரியார் தோளைத் தட்டி உட்கார வைத்தார்.

அன்றைக்கே, சர்ச்சின் அடித்தளக் கூடத்தில், பன்றித்தொடை சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் பரிமாறிக்கொண்டிருக்கும்போது பாகப்பிரிவினையும் நடந்து முடிந்தது. அம்மா முன்னமே போய்விட்டாள். ஊருக்குள் இருந்த வீட்டையும் விற்றாயிற்று. மிச்சம் இரண்டே சொத்து. ஒன்று, மலைமேல் வேட்டைக் குடிசையும் அதைச் சுற்றின காடும். இன்னொன்று, அந்தத் துப்பாக்கி. அண்ணன் டெல்மர் ஐந்து வயது மூத்தவர். எல்லோர் காதிலும் விழும்படி, "நீ சின்னவன், நீ மொதல்ல எடுத்துக்கோ" என்றார். வெர்லின் ஒரு நொடி யோசிக்கவில்லை. துப்பாக்கி என்றார். டெல்மர் தலையசைத்தார். உறவுக்காரர்கள் டெல்மரின் பெருந்தன்மையை மெச்சி மெச்சிப் பேசினார்கள்.

அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் வெர்லினும் மெச்சினார். அண்ணன் என்றால் டெல்மர் மாதிரி இருக்க வேண்டும், எனக்கு உயிரானது எதுவென்று தெரிந்து விட்டுக்கொடுத்தான் என்று கொட்டகையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டைக்கு டெல்மரின் குடிசைக்குப் போவார். விருந்தாளி சும்மா இருக்கலாமா? கூரைக்குத் தார் பூசுவார், விறகு பிளப்பார், பாத்திரம் கழுவுவார். போகும்போது மனைவி நார்மா சுட்டுக்கொடுத்த 'ஆப்பிள் பை' என்கிற பழப் பலகாரமும் வண்டியில் இருக்கும்.

துப்பாக்கியை அவர் யாரிடமும் கொடுத்து உற்றுப் பார்க்க விட்டதில்லை. அவரும் அதன் மேல் பூதக்கண்ணாடி வைத்ததில்லை. திருகுகள் பளிச்சென்று இருப்பதை வெறும் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். எல்லாப் பாகத்திலும் ஒரே எண் இருப்பதையும் பார்த்துப் பூரித்திருக்கிறார். ஊரான் துப்பாக்கியில் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற மனிதர், வீட்டுத் துப்பாக்கியில் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். அப்பா சொன்னதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற பிள்ளை உண்டா?

பிறகு ஒரு செப்டம்பரில் புயல் மழை கொட்டி, ஓடை கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. நிலவறை முழுகியது. தண்ணீர் வடிந்ததும் வெர்லின் இரும்பு அலமாரியைத் திறந்தார். துப்பாக்கி சேறும் தண்ணீருமாக நின்றது. கட்டை ஊறி உப்பியிருந்தது. உடனே கட்டையைப் பிரித்துத் துடைக்காவிட்டால் உள்ளே இரும்பைத் துரு தின்றுவிடும். பிரிக்க வேண்டுமென்றால் திருகைத் திருப்ப வேண்டும்.

மனிதர் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நார்மா முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றாள். வீட்டைச் சூடாக்குகிற உலை போச்சு, ஃப்ரீசர் குப்புற மிதக்குது, நீ ரெண்டு திருகுக்குத் துக்கம் கொண்டாடறியா என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. வெர்லின் போய் ஃப்ளாய்ட் ஸ்டம்புக்குப் போன் செய்தார். பள்ளத்தைக் கெடுக்காமல் கழற்றுகிற மாதிரி, அந்தத் திருகுக்கென்றே அளவாக ராவிய திருப்புளி ஃப்ளாய்டிடம்தான் உண்டு. இத்தனை வருஷம் கிண்டல் செய்த ஆளிடமே போய் நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஃப்ளாய்ட் பதிலுக்குக் கிண்டல் செய்யாமல் திருப்புளியோடு வந்தார்.

சமையலறை மேஜையில் துண்டு விரித்து வேலை நடந்தது. திருகு சுலபமாகவே சுழன்றது. தொழிற்சாலையில் முறுக்கியது அப்படிச் சுழலாது; ஃப்ளாய்டின் கை ஒரு கணம் நின்றதை வெர்லின் கவனிக்கவில்லை. கட்டை தனியே வந்தது. குழலைத் திருப்பித் துடைத்தார்கள். வெளியே இருந்து ஒருநாளும் தெரியாத அடிப்பக்கத்தில், வட்டத்துக்குள் ஒரு முத்திரை, பக்கத்தில் 47 என்று அழுத்தமாக அடித்திருந்தது.

அது வேறு ஏதாவது எண்ணாக இருக்கும் என்றார் வெர்லின். சோதனை பார்த்தவனுடைய எண்ணாக இருக்கலாம் என்றார். ஃப்ளாய்ட் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த முத்திரையோட எத்தனையோ வித்திருக்கேன் வெர்லின். இது பட்டறையில குழல் மாத்தின வருஷம். அங்க நல்ல திருப்புளி வெச்சிருந்தாங்க, அதான் திருகு அப்படியே இருக்கு."

போர் முடிந்தது நாற்பத்தைந்தில். துப்பாக்கிக்குக் குழல் மாட்டியது நாற்பத்தேழில். அது வெர்லின் பிறந்த வருஷம். அப்பா அப்போது இதே ஊரில் மர ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ளாய்ட் நினைத்திருந்தால் இருபது வருஷக் கிண்டலுக்கும் சேர்த்து வட்டியோடு வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. எண்ணெய் போட்டு, கட்டையை மாட்டாமல் காய வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது கேளுங்கள். அத்தனை தெளிவாக அடித்து வைத்திருந்தும் வெர்லினுக்கு அப்பாமேல் சந்தேகம் வரவில்லை. அப்பாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. எப்போதோ ஒருமுறை குறி பார்க்கிற கம்பி வளைந்துவிட்டதென்று அப்பா அதை ஆல்வின் க்ரூஸிடம் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். ஆல்வின் ஊரில் துப்பாக்கி ரிப்பேர் செய்தவர், இப்போது முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவன்தான் அசலை எடுத்துக்கொண்டு பவுடர் பூசிய பிணத்தை அப்பா தலையில் கட்டிவிட்டான்! இரண்டு மாசம் வெர்லின் இதையே மென்றுகொண்டிருந்தார். ராத்திரியில் தூக்கமில்லை. பாவம் அப்பா, சாகும்வரை தெரியாமலே போய்விட்டாரே என்று நார்மாவிடம் புலம்பினார். நேரே போய் அந்தக் கிழவனை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தார். அதற்கு முன்னால் அண்ணனிடம் சொல்ல வேண்டும். அப்பா இரண்டு பேருக்கும் அப்பாதானே.

மான் வேட்டை தொடங்குகிற திங்களுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தார். டெல்மர் அடுப்பில் பன்றித்தொடையும் பீன்ஸும் போட்டு சூப் கிண்டிக்கொண்டிருந்தார். வேட்டைக்குப் போட்ட ஆரஞ்சு நிறக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வெர்லின் எல்லாவற்றையும் கொட்டினார். முத்திரை, 47, ஆல்வின். நாளை வேட்டை எனக்கு வேண்டாம், நீயும் நானும் முதியோர் இல்லத்துக்குப் போவோம், அவன் வாயாலேயே சொல்ல வைப்போம் என்றார்.

டெல்மர் கரண்டியை நிறுத்தினார். "ஆல்வினை இழுக்காதே."

"ஏன், வயசாயிட்டா திருடன் நல்லவனாயிடுவானா?"

"அவன் ஒண்ணும் மாத்தலடா. அதுல மாத்த என்ன இருக்கு? அப்பா அதை இரும்புக்கடையில வாங்கினாரு."

வெர்லினுக்கு முதலில் புரியவே இல்லை. டெல்மர் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்து சொன்னார். ஊர் நடுவில் இருந்த இரும்புக்கடை வாசலில், மரப்பீப்பாய்க்குள் துடைப்பங்களை நிறுத்தி வைக்கிற மாதிரி ஜெர்மன் துப்பாக்கிகளை நிறுத்தி வைத்திருந்த காலம். டெல்மருக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பையனின் அப்பாவும் போரிலிருந்து ஏதாவது கொண்டுவந்திருந்தார். டெல்மரின் அப்பா எதுவும் கொண்டுவரவில்லை என்று பையன்கள் ஓட்டினார்கள். ஒரு சனிக்கிழமை ஐரா மகனைக் கூட்டிக்கொண்டு போய், பீப்பாயில் வெகுநேரம் தேடி, கட்டை சுத்தமாக இருந்த ஒன்றை எடுத்தார். டெல்மர்தான் அதை வண்டிக்குத் தூக்கி வந்தார். ஐரா வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கதையைச் சொல்லிப் பார்த்தார்.

"மொதல்ல ஒரு அதிகாரிகிட்ட புடுங்கினதா சொன்னாரு. அதிகாரி கைத்துப்பாக்கிதானே வெச்சிருப்பான், ரைஃபிள் தூக்க மாட்டானேப்பான்னேன். அப்புறம்தான் பையனா மாத்தினாரு. பதிலுக்கு நீங்க என்ன குடுத்தீங்கன்னு கேட்டேன். அவருக்கு ஒண்ணும் தோணலை. சாக்லேட்டுன்னு நான்தான் சொன்னேன்."

சாக்லேட்டும் போயிற்று. வெர்லின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்பா கடலே தாண்டியதில்லையாம். போர் முழுக்க அமெரிக்காவிலேயே, ஜார்ஜியாவில் ஒரு முகாமில் பட்டாளத்துத் துணி வெளுக்கிற பிரிவில் இருந்தாராம். அம்மாவுக்குத் தெரியும், டெல்மருக்குத் தெரியும். உனக்கு மட்டும் சொல்ல வேண்டாமென்று அப்பா கேட்டுக்கொண்டார் என்றார் டெல்மர். நம்புவதற்கு வீட்டில் ஒருவனாவது வேண்டும் என்று இருந்ததாம் அவருக்கு.

சூப் கொதித்து வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. வெர்லினின் மனம் அப்பாவிடமிருந்து நகர்ந்து மெல்ல சர்ச்சின் அடித்தளத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"அப்போ அன்னைக்கு சாப்பாட்டு மேஜையில உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் என்னை மொதல்ல எடுக்கச் சொன்னே."

டெல்மர் ஏதேதோ சொன்னார். நீ அப்போதுதான் அழுது முடித்து வந்திருந்தாய், பாதிரியார் பக்கத்தில் நின்றார், மண் காய்வதற்குள் அப்பாவைப் பொய்யர் என்று சொல்லச் சொல்கிறாயா என்றார். எல்லாம் நியாயம் போலத்தான் இருந்தது. அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் இருந்ததே, அதில் ஒரு நாள் கிடைக்கவில்லையா என்று வெர்லின் கேட்டார். டெல்மர் நியாயம் பேசி அலுத்துப்போனார் போலிருக்கிறது.

"சொன்னா காட்டுல பங்கு கேப்பே. நீ எதை எடுப்பேன்னு தெரியும், அதனாலதான் மொதல்ல எடுக்கச் சொன்னேன். போதுமா?"

போதாமலென்ன. இந்த அண்ணனுக்காகவா கூரைக்குத் தார் பூசினார்? இந்தப் பெருந்தன்மைக்காகவா வருஷா வருஷம் பாத்திரம் கழுவினார்?  எழுந்து அடிக்கலாம் என்றுகூட இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நீ சொல்லியிருந்தாலும் நான் அதைத்தான் எடுத்திருப்பேன். அது அப்பா வெச்சிருந்தது."

டெல்மர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை, அதுதான் கொடுமை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

"நெஜமாவா வெர்லின்? பீப்பாயில கெடந்த துப்பாக்கியையா? நீயா?"

வெர்லின் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் திரும்பவில்லை.

மலைப்பாதை முடிந்து தார்ச்சாலை வருவதற்குள் அப்பாவை மன்னித்துவிட்டார். மகன் பள்ளியில் தலைகுனியக் கூடாதென்று ஒரு வெளுக்கிற சிப்பாய் சொன்ன பொய், போகட்டும். காட்டைக்கூடப் போகட்டும் என்று விட முடிந்தது. டெல்மரைத்தான் விட முடியவில்லை. அன்று அந்த மேஜையில் உண்மையைச் சொல்லி, இப்போது எடு என்று அவன் சொல்லியிருந்தால், வெர்லின் எப்படிப்பட்ட மகன் என்பது அன்றே தெரிந்திருக்கும். அப்பா தொட்டது என்பதற்காகப் போலியைக் கட்டிக்கொண்டவனா, போலி என்று தெரிந்ததும் காட்டுப் பக்கம் கை நீட்டியவனா? இனி எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அந்த மேஜை திரும்ப வராது. காட்டைப் பிடுங்கிக்கொண்டதைவிட அந்தச் சந்தர்ப்பத்தைப் பிடுங்கிக்கொண்டதுதான் பெரிய துரோகம் என்று வண்டிக்குள் சத்தமாகவே சொன்னார்.

வேட்டைக்கு முந்தின நாள் திரும்பி வந்து நிற்கிற புருஷனைப் பார்த்து நார்மா பயந்துபோனாள். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். வெர்லின் சமையலறையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார். அவள் டெல்மரைத் திட்டினாள், வக்கீலைப் பார்க்கலாம் என்றாள், இத்தனை வருஷம் சுட்டுக்கொடுத்த ஆப்பிள் பையை நினைத்துப் பொருமினாள். வெர்லின் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதையெல்லாம் விடு. தெரிஞ்சிருந்தாலும் துப்பாக்கியைத்தான் எடுத்திருப்பேன்னு சொன்னேன். அவன் நம்பலை. நீ நம்புறியா நார்மா?"

முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள். சந்தை சந்தையாகக் கூடப் போய், ஃப்ளாய்டின் மேஜை முன்னால் அவர் நின்ற நிலையையெல்லாம் பார்த்தவள்.

"நம்புறேன்" என்றுதான் சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தாள்.